கட்டிப்போட்ட படகில் டிஷ்: வாசகர் கேள்வி பதில்

(ஆன்டெனா, டிஷ் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் முப்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அண்ணா, என் கணவர் ஆலப்புழையில் ஒரு கெட்டுவள்ளத்தில் (சுற்றுலாக்காரர்கள் தங்கும் வீட்டுப் படகில்) சமையல்காரராக இருக்கிறார். ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் சுற்றுலாக்காரர்கள் வரத்து குறைந்துவிடும். அப்போது படகைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டு, காவலுக்கு அவரையே படகில் தங்கச் சொல்லிவிடுவார் முதலாளி. தூர்தர்ஷனின் இலவச டிஷ் பெட்டி ஒன்று வாங்கி, படகின் மேல்தட்டில் 60 சென்டிமீட்டர் டிஷ் வைத்திருக்கிறார். இரவில் நான் இங்கேயும் அவர் அங்கேயும் ஒரே செய்தியைப் பார்ப்போம். முடிந்ததும் போனில் பேசுவோம். ஆனால் பாதிச் செய்தியில் அவருக்குப் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ‘சிக்னல் இல்லை’ என்று வந்துவிடுகிறது. பெரிய டிஷ் போட்டால் நிற்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார் என்று 90 சென்டிமீட்டர் டிஷ்ஷும் வாங்கிப் போட்டார். இப்போது முன்பைவிட மோசம். படகு ஓடவில்லை, கட்டித்தான் கிடக்கிறது. பிறகு ஏன் இப்படி?
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘கட்டித்தான் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் வரைக்கும் மேயத்தானே செய்யும்? படகும் அப்படித்தான். கயிற்றில் எவ்வளவு தளர்வு இருக்கிறதோ அவ்வளவுக்கு அது திரும்பிக்கொண்டே இருக்கும். படகின் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. டிஷ்ஷுக்குத் தெரியும்.

பெரிய டிஷ் வாங்கச் சொன்ன கடைக்காரரின் யோசனையைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டு மொட்டை மாடிக்கு அது சரியான யோசனை. ஆடும் படகுக்கு நேர் எதிரானது. டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை குறுகும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. அதாவது செயற்கைக்கோளை நேராகப் பார்த்து வைத்த பிறகு, இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை டிகிரி பிசகினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 90 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு அந்தச் சலுகை பக்கத்துக்கு ஒரு டிகிரிதான். ஒரு டிகிரி எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அந்த விரல் மறைக்கும் அகலம்தான் ஒரு டிகிரி. உங்கள் கணவர் காசு கொடுத்து அந்தச் சலுகையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். (அந்த டிஷ்ஷை விற்றுவிடாதீர்கள். அதற்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.)

பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும், ஆனாலும் ஆள் தெரிவார். திண்டுக்கல், தேனிப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு ஆன்டெனாவை எங்கள் மலையின் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்த நாட்களில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அன்றைக்குக் காற்றில் ஆன்டெனா ஆடினாலும் படம் லேசாக மங்கி மீண்டுவிடும். டிஜிட்டல் சிக்னலில் அந்த இரக்கம் இல்லை. ஒரு எல்லை வரைக்கும் படம் கண்ணாடி போல நிற்கும். எல்லையைத் தாண்டிய நொடியில் கட்டம் கட்டமாக உடையும். அதனால்தான் ‘நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று போய்விட்டது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

உங்களுக்கு வாயால் மட்டும் பதில் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் ஏரியில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டு, ஒரு விடியற்காலையில், சவாரி தொடங்கும் முன்பு, துடுப்புப் படகு ஒன்றில் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை ஏற்றினேன். நட்சத்திரம் போலக் கை கையாகப் பிரிந்து கிடக்கும் ஏரி அது. காற்று படாத ஒரு கையாகப் பார்த்து, முன்னும் பின்னும் கயிறு போட்டுக் கரையோடு படகைக் கட்டினோம். நடுப்பலகையில் டிஷ்ஷின் கம்பத்தை இறுக்கி, ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக்கி, ஸ்கூட்டர் பேட்டரியில் சிக்னல் மீட்டரைக் கொடுத்தேன். சிக்னல் கிடைத்தால் மீட்டர் விடாமல் கூவும், போனால் வாய் மூடிக்கொள்ளும்.

கூவியது. தண்ணீரின் மேல் பனி புகை போலத் தவழ்ந்துகொண்டிருக்க, அந்தச் சத்தம் அக்கரை வரை கேட்டது. முதலில் இரண்டு கயிறுகளையும் சமமாகத் தளர்த்தி, முனை திரும்பாமல் படகைக் கரையிலிருந்து பத்தடி தள்ளினேன். மீட்டர் கூவிக்கொண்டே இருந்தது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரத்தில் இருப்பதற்குப் பத்தடி நகர்வு ஒரு பொருட்டே இல்லை. அடுத்து முன்கயிற்றை மட்டும் தளர்த்தினேன். படகின் மூக்கு மெதுவாகத் திரும்பியது. கொஞ்சத் தூரம் வரை சத்தம் இருந்தது, பிறகு விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றது. மூக்கை மறுபடி இழுத்து, மீட்டர் கூவத் தொடங்கிய பிறகு, நண்பரை எழுந்து படகின் ஓரத்தில் கால் வைக்கச் சொன்னேன். அவர் கால் வைத்த நொடியிலேயே மீட்டர் அடங்கிவிட்டது. உட்காரச் சொன்னேன், கூவியது.

உங்களுக்குத் தேவையான பதில் இந்த மூன்று சோதனையிலும் இருக்கிறது. படகு நகர்ந்தால் பரவாயில்லை. திரும்பினால் கொஞ்சம் கெடுதல். சாய்ந்தால் உடனே கெடுதல்.

ஏன் திரும்புவதற்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு? இலவச டிஷ் அலைவரிசைகள் வருவது 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. ஆலப்புழையிலிருந்து பார்த்தால், கிழக்கிலிருந்து தெற்கு நோக்கி 28 டிகிரி திரும்பி, தரைமட்டத்திலிருந்து 67 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட தலைக்கு மேல் என்றே சொல்லலாம். தலைக்கு மேல் இருக்கும் பொருளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றினால் பார்வை அதிகம் விலகாது அல்லவா? அந்தக் கணக்கில், படகு 5 டிகிரி திரும்பினால் டிஷ்ஷின் பார்வை 2 டிகிரிதான் விலகும். ஆனால் செயற்கைக்கோள் இருக்கும் பக்கமாகப் படகு 2 டிகிரி சாய்ந்தால் அந்த 2 டிகிரியும் முழுதாகக் கணக்கில் சேரும்.

உங்கள் கணவரின் படகு 70 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். முன்கயிற்றில் 3 அடி தளர்வு இருந்து மூக்கு அவ்வளவு விலகினால், படகு ஏறக்குறைய இரண்டரை டிகிரி திரும்பும், டிஷ் ஒரு டிகிரி விலகும். 60 சென்டிமீட்டர் டிஷ் அதைத் தாங்கும். 90 சென்டிமீட்டருக்கு அதுவே விளிம்பு. தளர்வு 6 அடி என்றால் 2 டிகிரி விலகும், இரண்டு டிஷ்ஷும் விட்டுவிடும். கயிற்றை முறுக்கிக் கட்டிவிடலாமே என்றால், அதுவும் கூடாது. காயலில் நீர்மட்டம் ஏறி இறங்கும். இறுக்கிக் கட்டினால் படகு கயிற்றில் தொங்கும், அல்லது முளையைப் பிடுங்கும். தளர்வு வைப்பவர்கள் காரணத்தோடுதான் வைக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு படகு போய் அலை அடித்தால் சாய்வும் சேர்ந்துகொள்ளும். 14 அடி அகலப் படகில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட அரை அடி தாழ்ந்தாலே 2 டிகிரி சாய்வு.

ஆகவே நான் சொல்வது இதுதான்: மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் படகு என்றால் டிஷ்ஷைப் படகிலிருந்து இறக்கிவிடுங்கள். டிஷ் கரையில் நிற்கட்டும், டிவி படகில் இருக்கட்டும், நடுவில் கேபிள் மட்டும் போகட்டும். படகு எப்படித் திரும்பினாலும் சாய்ந்தாலும் டிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகாது. அந்த 90 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு நான் சொன்ன நல்ல இடமும் இதுதான். 60ஐவிட அது இரண்டேகால் மடங்கு சிக்னலைச் சேர்த்துக் கொடுக்கும். ஆடாத கம்பத்தில் நின்றால், குட்டநாட்டு (ஆலப்புழையைச் சுற்றிய தாழ்வான பகுதி) ஜூன் மழைக்கு அதுதான் தோது. கொடுத்த காசு வீண் போகாது.

டிஷ் நிற்கப்போகும் கரை யாருடையதோ அவரிடம் முதலில் கேட்டுவிடச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் ஒன்றை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நட வேண்டும். குட்டநாட்டு மண் சேறு, வெறும் மண்ணில் நட்டால் ஒரு மழையில் சாய்ந்துவிடும். பைப் செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் டிஷ்ஷை ஏற்ற வேண்டும். டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் வீட்டு டிஷ் எல்லாம் அதன் முகம் காட்டுவதைவிட ஏறக்குறைய 25 டிகிரி மேலே பார்க்கும் அமைப்பு கொண்டவை. அதனால் 67 டிகிரிக்கு வைத்த டிஷ், தென்னை மரத்தின் பாதி உயரத்தைப் பார்ப்பது போலத்தான் தோன்றும்.

தென்னை என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைக் கட்டாயம் சொல்லுங்கள். படகுகளை வழக்கமாகத் தென்னை நிழலில்தான் கட்டுவார்கள். 50 அடித் தென்னை டிஷ்ஷுக்குத் தென்கிழக்கே 21 அடிக்குள் நின்றால் பார்வையை மறைத்துவிடும். நனைந்த ஓலை, சிக்னலுக்குச் சுவர் மாதிரி. டிஷ்ஷுக்குத் தென்கிழக்கில் தண்ணீர் இருக்கிற மாதிரி இடம் பார்த்தால் கவலையே இல்லை. தண்ணீரில் மரம் முளைக்காது.

கேபிள் நல்ல ஆர்ஜி-6 ஆக இருந்தால் 30 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம். கரைக்கும் படகுக்கும் நடுவே, கயிற்றின் தளர்வைவிட அதிகமான தளர்வு கேபிளில் இருக்க வேண்டும். படகில் நுழையும் இடத்தில் திருகும் இணைப்பு வேண்டாம், தள்ளிச் செருகும் இணைப்பு போடச் சொல்லுங்கள். இரவில் கயிறு அறுந்து படகு விலகினால் அது தானாகக் கழன்றுகொள்ளும். திருகு இணைப்பாக இருந்தால் பெட்டியையும் சேர்த்து இழுத்துக் கீழே தள்ளும். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்று சிக்னலை வாங்கும் கருவிதான் எல்.என்.பி. அதன் வாயில் கேபிள் சேரும் இடத்தில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட வேண்டும். மழைத் தண்ணீர் கேபிளோடு வழிந்து வந்தாலும் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். இடி இடித்தால் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. செய்தி அடுத்த நாளும் வரும்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அவர் தனியே இருக்கிறார் என்பதால் சொல்கிறேன். பெட்டியின் அடாப்டர் முதுகில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால், ஜெனரேட்டர் ஓட்டாமல் படகின் பேட்டரியிலிருந்தே பெட்டியை ஓட்டலாம். ஆனால் நேராகக் கொடுக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் 14 வோல்ட்டுக்கு மேல் போகும். நடுவில் 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று அவசியம்.

கரையில் கம்பம் நட அனுமதி கிடைக்காவிட்டால்? 60 சென்டிமீட்டர் டிஷ்ஷையே மறுபடி படகில் போடுங்கள். மூங்கில் கூரையில் கட்ட வேண்டாம், கூரையே தனியாக ஆடும். அடித்தட்டின் கனத்த மரத்தோடு பைப்பை யு-போல்ட் போட்டு இறுக்கினால் கூரையின் ஆட்டம் டிஷ்ஷில் சேராது. கயிற்றை முன்னும் பின்னும் மட்டும் கட்டாமல், படகின் நடுவிலிருந்து குறுக்காக இரண்டு கயிறு சேர்த்தால் மூக்கு திரும்புவது குறையும், நீர்மட்டத்துக்கான தளர்வும் இருக்கும். கடலில் போகும் கப்பல்களில் வெள்ளைக் கூண்டுக்குள் தானே திரும்பிச் செயற்கைக்கோளைத் துரத்தும் டிஷ் உண்டு. யாராவது அதைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். லட்சக்கணக்கில் விலை. கட்டிக் கிடக்கும் படகுக்கு அது தேவையே இல்லை.

இதை அப்படியே கத்தரித்து அவருக்கு அனுப்புங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூடுபனி இறங்கினால் டிஷ் படம் போய்விடுகிறது. பனியை ஊடுருவும் சக்தி வாய்ந்த எல்.என்.பி. ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: மூடுபனிக்கு அந்தப் பலம் கிடையாது, ஐயா. சிக்னலின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. பனித்துளி கண்ணுக்கே தெரியாத சிறு துளி. அது அலையை ஒன்றும் செய்வதில்லை. கண்ணை மறைக்கிறது என்பதால் டிஷ்ஷையும் மறைக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மழைத்துளி வேறு. அது பெரியது, அலையை உறிஞ்சும், சிதறவும் அடிக்கும்.

பனி வரும்போது மட்டும் படம் போகிறது என்றால், பனி நனைத்துவிட்டுப் போகும் பொருளைத் தேடுங்கள். எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் முகத்தில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கும். அடுத்து, கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் உள்ள செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் ஓரடி வெட்டிவிட்டுப் புதிதாக முனை போடுங்கள். மூன்றாவதாக, தென்கிழக்கில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிற்கிறதா? டிஷ் வைத்த ஆண்டில் அது குட்டையாக இருந்திருக்கும். அந்த மரம் வளரும் வேகம் குன்னூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காய்ந்த இலை வழியே ஓரளவு கசிந்து வரும் சிக்னல், பனியில் நனைந்த இலையில் நின்றுவிடும். சக்தி வாய்ந்த எல்.என்.பி. என்று விற்பதை வாங்காதீர்கள். மரம்தான் மறைக்கிறது என்றால் டிஷ்ஷை நான்கடி தள்ளி வையுங்கள்.

கேள்வி: மார்ச் மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும்போது, மழை இல்லை, காற்று இல்லை, காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போய்ப் போய் வந்தது. நான்கைந்து நாள் இப்படி. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. பெட்டியில் கோளாறா?
– ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: பெட்டியில் ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் ஒரு பெரிய வானொலி நிலையம் மாதிரிதான், எல்லா அலைநீளத்திலும் இரைச்சலைக் கொட்டுகிறது. அந்த இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். நம் மலையில், 93.5 டிகிரி செயற்கைக்கோளுக்கு இது மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், 11 மணியை ஒட்டி வரும். எங்கள் ஊரில் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து வேலைக்குப் போகும் போதெல்லாம், இந்தச் சில நிமிடங்களுக்காக எத்தனை பேர் நல்ல பெட்டியை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பூம்பாறை அம்மாவுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஆலப்புழையிலும் அதே நாட்களில், ஏறக்குறைய அதே நேரத்தில்தான் சூரியன் அங்கே வந்து நிற்கும். செப்டம்பர் 27ஐ ஒட்டி, காலை 11 மணிக்குக் கொஞ்சம் முன்பாக, கரையில் நட்ட டிஷ்ஷின் அருகே உங்கள் கணவரை நிற்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் தென்னோலை நிழல் விழுகிறதா என்று பார்க்கட்டும். விழுந்தால், கம்பத்தை நிழல் இல்லாத இடத்துக்கு மாற்றி நட வேண்டும். முழு வெயிலும் டிஷ் மேல் விழுந்தால் வழியில் எதுவும் இல்லை என்று அர்த்தம்.